எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் கார் ஷெட் சுவரில் ஓதம் ஏறுவது ஏன்? விழுப்புரம், திண்டிவனம் வீடுகளுக்கு ஒரு விளக்கம்

"தம்பி, ஷெட்டு செவுத்துல திரும்பவும் உப்பு பூத்திருச்சுப்பா. போன வருஷம்தானே பெயிண்ட் அடிச்சோம்?"

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் திண்டிவனத்துக்காரர், விழுப்புரத்துக்காரர் பலருக்கும் மழை முடிந்த பிறகு ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வந்திருக்கும். லீவுக்குப் போய்ப் பார்த்தால், வீட்டோடு ஒட்டிக் கட்டிய கார் ஷெட்டில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பூச்சு பொரிந்து நிற்கும். விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிரும். மூலையில் ஒரு மக்கிய வாசனை. ஷெட்டில் கார் நிற்கிறதோ இல்லையோ, இன்வெர்ட்டர், அரிசி மூட்டை, பழைய சர்டிபிகேட் பெட்டி, இப்போது புதிதாக எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜர் என எல்லாம் அங்கேதான் இருக்கும்.

பெயின்டரைக் கூப்பிட்டால், "சார், நல்ல கம்பெனி வாட்டர் புரூஃப் அடிச்சிட்டா சரியாப் போயிடும்" என்பார். அடிப்பார். ஒரு வருடம் நன்றாக இருக்கும். அடுத்த மழைக்குப் பழையபடி ஆகிவிடும்.

ஏன் இப்படி? ஒரே காரணம்தான்: தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமலே அதன் மேல் பூசுகிறோம். வழி தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்த 51 சென்டிமீட்டர்

இந்தப் பகுதிக்காரர்களுக்கு மழையைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் வேகமாக நகராமல் அங்கேயே நின்றது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை பதிவானது. தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, அரசூர் அருகே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையே முடங்கியது. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன.

51 செ.மீ. என்பதை ஒரு வீட்டு அளவில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்றால், அதில் மட்டும் ஒரே நாளில் விழுந்த தண்ணீர் சுமார் 47,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் நான்கு லோடு. இவ்வளவும் மாடிக் குழாய் வழியாக இறங்கி வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில்தான் கொட்டும். மழை நின்று ஒரு வாரத்தில் தெரு காய்ந்துவிடும். அஸ்திவாரத்தைச் சுற்றிய மண் அவ்வளவு சீக்கிரம் காயாது. சுவர் அந்த மண்ணிலிருந்து மாதக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. ஓதம் வேறு, வெள்ளம் வேறு. ஃபெஞ்சல் மாதிரி ஒரு நாளில் ஷட்டரைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தால், எந்தப் பூச்சும் அதைத் தடுக்காது. ஆனால் வெள்ளம் எப்போதோ ஒருமுறை வருவது. ஓதம் வருடா வருடம் வருவது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவதைப் பற்றியது.

வீட்டுக்குள் இல்லாத ஓதம் ஷெட்டில் மட்டும் ஏன்?

செங்கல்லிலும் சிமென்ட் கலவையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மண்ணின் ஈரம் அந்தத் துளைகள் வழியே மேலே ஏறும். பொதுவாக ஒரு மீட்டர் உயரம் வரைகூடப் போகும். நம் சாதாரணச் செங்கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1077, அதன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் உறிஞ்சலாம் என்றே அனுமதிக்கிறது. அதாவது 3 கிலோ செங்கல் 600 மில்லி தண்ணீரைக் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதைத் தடுக்கத்தான் வீடு கட்டும்போது பேஸ்மட்டத்தின் மேல் ஓதத் தடுப்பு அடுக்கு போடுவார்கள். இன்ஜினீயர்கள் 'டி.பி.சி.' என்பார்கள். 1:2:4 கான்கிரீட்டில் வாட்டர் புரூஃபிங் பவுடர் கலந்து சுமார் 4 செ.மீ. கனத்துக்குப் போட்டு, காய்ந்த பின் மேலே தார் பூசுவது பழைய முறை. இப்போது பல இடங்களில் பெல்ட் கான்கிரீட்டையே டி.பி.சி. என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பெல்ட், வீட்டின் எடையைப் பரப்பித் தாங்குவதற்குப் போடுவது. அதில் வாட்டர் புரூஃபிங் கலக்காமல், மேலே தாரும் பூசாமல் விட்டால் ஓதத்தை முழுசாகத் தடுக்காது.

இப்போது கார் ஷெட்டுக்கு வருவோம். சிக்கலே இங்கேதான்.

தேசியக் கட்டட விதித் தொகுப்பு, வீட்டின் பேஸ்மட்டம் சுற்றியுள்ள தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்கிறது. கார் நிறுத்தும் இடத்துக்கு 15 செ.மீ. போதும் என்கிறது. கார் ஏற வேண்டும் அல்லவா, அதனால் இந்த வித்தியாசம் நியாயமானதுதான்.

ஆனால் இதன் விளைவைக் கவனியுங்கள். வீட்டுக்கும் ஷெட்டுக்கும் பொதுவான சுவரில், டி.பி.சி. இருப்பது 45 செ.மீ. உயரத்தில். ஷெட்டின் தரை 15 செ.மீ. உயரத்தில். நடுவில் உள்ள 30 செ.மீ. சுவர், டி.பி.சி.க்குக் கீழே இருக்கிறது. அதன் மறுபக்கம் ஹால் இல்லை, பெட்ரூம் இல்லை. வீட்டுத் தரைக்கு அடியில் நிரப்பிய மண். ஷெட்டில் நின்று நீங்கள் பார்க்கும் அந்த அடிப்பகுதி உண்மையில் அறைச் சுவரே அல்ல, மண்ணைத் தாங்கி நிற்கும் பேஸ்மட்டச் சுவர். வீட்டுக்குள் நின்றால் அது தெரியாது. ஷெட்டுக்குள் மட்டும்தான் தெரியும்.

உங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவுக்கு எத்தனை படி? இரண்டு படி ஏறிப் போகிறீர்கள் என்றால், அந்த இரண்டு படியின் உயரத்தில்தான் பெரும்பாலும் டி.பி.சி. இருக்கும். அந்த மட்டத்தில் சுவர் நெடுக ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். ஓதம் கோட்டுக்குக் கீழே மட்டும் என்றால் அது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருந்தால் இரண்டில் ஒன்று: டி.பி.சி. சரியில்லை, அல்லது ஏதோ ஒன்று அதற்குப் பாலம் போட்டிருக்கிறது.

பாலமா? ஆமாம். ஷெட் தரையிலிருந்து மேலே வரை ஒரே பூச்சாகப் பூசியிருந்தால், ஈரம் செங்கல் வழியே போக முடியாவிட்டாலும் பூச்சின் வழியே டி.பி.சி.யைத் தாண்டிவிடும். வீட்டின் மற்ற பக்கங்களில் சுவரோரம் மண் கொட்டிச் செடி வைப்பது, வெளியே தளத்தை உயர்த்துவது ஆகியவையும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஷெட்டின் இன்னொரு பக்கச் சுவர் பல வீடுகளில் காம்பவுண்ட் சுவரேதான். வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் இருந்த சந்தை மூடி, மேலே ஷீட் போட்டு, முன்னால் ஷட்டர் வைத்திருப்பார்கள். காம்பவுண்ட் சுவரில் பொதுவாக டி.பி.சி. இருக்காது. பெரும்பாலும் நாலரை இஞ்ச் கனம்தான். பக்கத்து மனை பக்கம் பூசாமல் வெறும் செங்கல்லாக விட்டிருப்பார்கள். மழைச் சாரல் நேராக அதில் அடித்து உள்ளே இறங்கும்.

தண்ணீர் வரும் நான்கு வழிகள்

கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே துப்பறியலாம். செல்போனில் மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று படம் எடுத்து வையுங்கள். கறை எப்போது பெரிதாகிறது என்பதே பாதி விடை.

1. தரையிலிருந்து ஏறுவது: சுவர் நெடுக, ஏறக்குறைய ஒரே உயரத்தில் அலை அலையான கோடு. அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்பு. மழைக்குப் பிறகு பல மாதங்கள் நீடிக்கும்.

2. வெளியிலிருந்து ஊடுருவுவது: திட்டுத் திட்டாக இருக்கும். விரிசல், ஷீட்டும் சுவரும் சேரும் இடம், குழாய் நுழையும் ஓட்டை இவற்றின் கீழே. மழை பெய்த ஒன்றிரண்டு நாளில் தெரியும், வெயில் அடித்தால் மங்கும்.

3. குழாய்க் கசிவு: பொதுச் சுவருக்குப் பின்னால் பாத்ரூமோ சமையலறையோ இருந்தால் சந்தேகப்படுங்கள். மே மாதத்திலும் ஈரம் காயவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். ஊருக்குப் போகும் இரண்டு நாளில் மோட்டார் போடாமல், எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியின் மட்டத்தைக் குறித்து வையுங்கள். திரும்பி வரும்போது குறைந்திருந்தால் கசிவு எங்கோ இருக்கிறது. கழிவுநீர்க் குழாயின் கசிவு மட்டும் இதில் தெரியாது. அதற்கு அந்தப் பாத்ரூமைச் சில நாள் பயன்படுத்தாமல் விட்டு, சுவர் காய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

4. காற்றின் ஈரம் படிவது: மழையில் நனைந்த காரை உள்ளே விட்டு ஷட்டரை மூடிவிட்டால், அந்த ஈரம் எங்கே போகும்? குளிர்ந்த தரையிலும் சுவரிலும் வியர்வை மாதிரி படியும். தை, மாசி விடியற்காலையில் தரை 'நசநச'வென்று இருந்து, ஷட்டரைத் திறந்த சில மணி நேரத்தில் காய்ந்தால் இது காரணம்.

தரைக்கு ஒரு செலவில்லாத சோதனை இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான பாலிதீன் கவரைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டு நன்றாக ஒட்டிவிடுங்கள். மறுநாள் பாருங்கள், குறைந்தது 16 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கவரின் அடிப்பக்கம் நீர்த்துளிகள் இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. கவரின் மேல்பக்கம் ஈரம் என்றால் அது காற்றிலிருந்து வந்தது. முதலாவதற்குத் தரையை உடைக்க வேண்டியிருக்கலாம். இரண்டாவதற்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என ஜாலி ஓட்டைகள் வைத்தாலே போதும். ஆயிரங்களில் முடியும் வேலைக்கு லட்சங்களைக் கொடுக்காமல் தப்பிக்க இந்த ஒரு கவர் உதவும்.

முதல் வேலை வெளியே

உள்ளே ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் வெளியே பாருங்கள்.

மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் ஷெட் மூலையில் கொட்டுகிறதா? அதை மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கோ தெருக் கால்வாய்க்கோ கொண்டு போங்கள். சேகரிப்புக் குழியையும் சுவரை ஒட்டித் தோண்டாமல் தள்ளி வையுங்கள்.

சுவரைச் சுற்றி முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் அகலத்துக்கு, வெளிப்பக்கம் சாய்வாகக் கான்கிரீட் தளம் போடுவது நல்லது. மழைநீர் அஸ்திவாரத்தில் இறங்காமல் தள்ளிப் போகும். சுவரும் தளமும் சேரும் இடத்தில் இடைவெளி விட்டுவிடக் கூடாது. தண்ணீர் அதற்குள்தான் முதலில் போகும்.

ஷட்டருக்கு முன்னால் குறுக்கே ஒரு சின்னக் கால்வாய் எடுத்து, இரும்புச் சல்லடை மூடி போடுங்கள். ஷட்டர் உட்காரும் இடத்தில் கார் ஏறி இறங்கும் அளவுக்கு ஒரு சிறிய மேடு இருக்கட்டும். சாரல் மழைத் தண்ணீர் இந்த இரண்டிலேயே நின்றுவிடும்.

அப்புறம் தெரு. கட்டியபோது தெருவை விட ஒரு அடி உயரத்தில் இருந்த ஷெட், ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, இன்று தெருத் தண்ணீர் உள்ளே வரும் நிலைக்கு வந்திருக்கலாம். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டே புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருந்தார். உங்கள் தெருவில் ரோடு வேலை தொடங்கும்போதே கவுன்சிலரிடமும் நகராட்சியிடமும் இதை எழுத்தில் கேளுங்கள். போட்டு முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

தரைக்கு என்ன செய்வது?

புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் வேலை சுலபம். மண்ணை நன்றாகக் கெட்டிக்க வேண்டும். அதன் மேல் ஜல்லி அடுக்கு, கூர்முனைகள் மறையும்படி மெல்லிய மணல். அதன் மேல் 250 மைக்ரான், அதாவது 1,000 கேஜ் பாலிதீன் ஷீட். ஷீட்டும் ஷீட்டும் சேரும் இடத்தில் குறைந்தது அரை அடி ஒன்றின் மேல் ஒன்று ஏறி, டேப் போட்டிருக்க வேண்டும். ஓரங்களைச் சுவரில் மேலே மடித்துவிட வேண்டும். அதன் மேல் 10 முதல் 12 செ.மீ. கனத்துக்கு எம்-20 கான்கிரீட். ஷட்டர் பக்கம் பத்தடிக்கு ஒன்று முதல் ஒன்றரை இஞ்ச் வரை சாய்வு கொடுத்தால் கார் கழுவிய தண்ணீரும் தேங்காது.

ஷீட் போட்ட பிறகு அதன் மேல் மண்வெட்டியோடு நடக்க விடாதீர்கள். ஒரு கிழிசல் போதும், மொத்த ஷீட்டும் வீண்.

ஏற்கெனவே உள்ள தரை என்றால் இரண்டு வழி. ஷட்டர் உயரமும் கதவுப் படியும் இடம் கொடுத்தால், பழைய தரை மேலேயே ஷீட் விரித்துப் புதுக் கான்கிரீட் போடலாம். இடமில்லை என்றால் தரையைக் கொத்தி, சுத்தம் செய்து, சிமென்ட் அடிப்படையிலான வாட்டர் புரூஃப் கோட்டிங் இரண்டு கை பூசி, மேலே மெல்லிய தளம் போடலாம். தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக ரவுண்டிங் செய்து, கோட்டிங்கைச் சுவரில் ஒரு அடி ஏற்றிவிட வேண்டும். ஒழுகுவது பெரும்பாலும் அந்த மூலையில்தான்.

பளபள எபாக்ஸி தரை இப்போது பிரபலம். காய்ந்த தரைக்கு அது நன்றாக இருக்கும். பாலிதீன் சோதனையில் ஈரம் காட்டிய தரையில் அடித்தால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும்.

சுவருக்கு என்ன செய்வது?

பொதுச் சுவரின் அடிப்பகுதி: நீங்கள் போட்ட சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே உள்ள பூச்சை முழுவதும் செங்கல் வரை உடைத்து எடுக்க வேண்டும். மறுபக்கம் மண் இருப்பதால் வெளியிலிருந்து பூச வழியில்லை. உள்பக்கத்திலிருந்தே பின்னாலிருந்து தள்ளும் ஈரத்தைத் தாங்கும் சிமென்ட் வகைக் கோட்டிங்தான் இங்கே பொருந்தும். பெயிண்ட் வகைக் கோட்டிங்கை ஈரம் பின்னாலிருந்து தள்ளி உரித்துவிடும். கோட்டிங் கோடு வரை வரட்டும். அதன் மேல் புதுப் பூச்சு பூசும்போது கோட்டின் மட்டத்தில் ஒரு காடி விட்டு, மேல் பூச்சையும் கீழ்ப் பூச்சையும் பிரித்துவிடச் சொல்லுங்கள். பாலம் உடைந்துவிடும்.

டி.பி.சி.யே இல்லாத சுவர்: சுவரில் கலவை அடுக்கு நெடுக, சுமார் 12 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளைகள் போட்டு, சிலேன் வகை கிரீமை உள்ளே செலுத்தும் முறை இருக்கிறது. அது நுண்துளைகளுக்குள் பரவி, தண்ணீர் ஒட்டாத ஒரு பட்டையை உருவாக்கும். இந்த வேலையைச் செய்து பழகியவர்களிடம் மட்டும் கொடுங்கள். துளை வரிசை ஷெட் தரைக்கும் வெளித் தரைக்கும் மேலே இருக்க வேண்டும். மண்ணைத் தாங்கும் பகுதியில் போட்டுப் பயனில்லை. ஏற்கெனவே உப்பு ஏறிய பூச்சை எடுக்காமல் இதைச் செய்தாலும் பலன் தெரியாது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓதக் கோட்டுக்கு மேலும் ஒரு அடி வரை பழைய பூச்சை எடுத்துவிட்டே புதிதாகப் பூச வேண்டும்.

காம்பவுண்ட் சுவர்: சரியான மருந்து வெளிப்பக்கப் பூச்சுதான். அதற்குப் பக்கத்து மனைக்காரர் சம்மதம் வேண்டும். கோடையில் போய், "அண்ணே, உங்க பக்கம் ரெண்டு நாள் வேலை, செலவு நம்மளுது" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நடு மழையில் போய்க் கேட்டால்தான் பிரச்சினை. அந்தப் பக்கம் மண்மட்டம் உங்கள் ஷெட் தரையை விட உயரமாக இருந்தால், மண்ணைத் தள்ளிவிட்டு அடி வரை பூச வேண்டும்.

பூச்சுக்குப் பயன்படுத்தும் தண்ணீரையும் கவனியுங்கள். மரக்காணம் பக்கம் உப்பளங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கடலோரப் பகுதியில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், அதில் குழைத்த கலவையில் நீங்களே உப்பைச் சேர்க்கிறீர்கள் என்று அர்த்தம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம்.

செய்யவே கூடாதவை

ஓதச் சுவர் மேல் டைல்ஸோ கிரானைட்டோ ஒட்டி மறைக்காதீர்கள். அசிங்கம் மறையும், ஈரம் மறையாது. முன்னால் ஆவியாகிப் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்தது டைல்ஸுக்கு மேலே இடுப்பு உயரத்தில் வந்து நிற்கும். அப்படியே மறுபக்கம் பெட்ரூம் சுவரிலும் தெரியும்.

பட்டி, ஜிப்சம் பூச்சு இரண்டும் ஈரத்தில் ஊறி உப்பிவிடும். ஷெட்டின் கீழ்ச் சுவருக்கு வேண்டாம். நம் பாட்டன் காலத்து வீடுகளில் உயரமான திண்ணையும் சுண்ணாம்புப் பூச்சும் இருந்தன. திண்ணை வீட்டை மண்ணிலிருந்து தூக்கி வைத்தது. சுண்ணாம்பு, ஏறிய கொஞ்சநஞ்ச ஈரத்தையும் ஆவியாக வெளியே விட்டது. காய வேண்டிய சுவருக்கு மூச்சு விடும் பூச்சு தேவை என்பது பழைய பாடம்தான்.

கரன்ட் விஷயத்தில் விளையாட வேண்டாம்

ஓதத்தால் பெயிண்ட் போனால் பணம்தான் நஷ்டம். ஈரச் சுவருக்குள் ஒயரிங் இருந்தால் உயிர் சம்பந்தப்பட்டது. சுவிட்ச் போர்டைத் தொட்டால் 'சுர்'ரென்கிறது என்று வீட்டில் சொன்னால், "ஈரமா இருக்கும்மா, செருப்பு போட்டுக்கோ" என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஷெட்டின் சர்க்யூட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். நல்ல எர்த் இருக்க வேண்டும். ஸ்கூட்டர் சார்ஜர் பாயின்ட்டை ஓதக் கோட்டுக்கும், கடந்த வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கும் மேலே வையுங்கள். இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். தண்ணீர் உள்ளே வந்து வடிந்த பிறகு, எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடக் கூடாது.

எப்போது செய்வது?

நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும். எல்லோரும் தீபாவளிக்கு முன் பெயிண்ட் அடிப்பார்கள். ஓத வேலைக்கு அதுதான் மோசமான நேரம்.

நனைந்த சுவர் காய்வதற்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு மாதம். ஒன்பது இஞ்ச் சுவர் முழுசாகக் காய ஏறக்குறைய ஒன்பது மாதம். நம் வெயிலுக்கும் காற்றுக்கும் இது கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் பூச்சை உடைத்த மறுவாரமே பெயிண்ட் அடிப்பது வீண் என்பது மட்டும் நிச்சயம்.

எனவே வரிசை இப்படி: ஜனவரியில் மழை விட்டதும் சோதனை. பிப்ரவரியில் வெளி வேலையும், பூச்சை உடைப்பதும். ஏப்ரல், மே வெயிலில் சுவரைத் திறந்தபடி காய விடுவது. ஜூன், ஜூலையில் கோட்டிங்கும் புதுப் பூச்சும், குறைந்தது ஏழு நாள் தண்ணீர் தெளித்து ஆற வைப்பது. பெயிண்டை ஒரு மழைக்காலம் தாண்டி அடித்தாலும் தப்பில்லை. அதுவரை வெறும் பூச்சாக இருந்தால் வேலை பிடித்ததா என்பதும் தெரிந்துவிடும்.

கொத்தனாரிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

- ஈரம் எந்த வழியாக வருது? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?
- டி.பி.சி. எந்த மட்டத்துல இருக்கு? இப்ப போடுற பூச்சு அதைத் தாண்டுதா?
- பழைய பூச்சை எவ்வளவு உயரத்துக்கு எடுக்கப் போறீங்க?
- இந்தக் கோட்டிங் உள்பக்கத்திலிருந்து பூசினா தாங்குமா? டப்பா மேல அப்படிப் போட்டிருக்கா?
- மூலையில ரவுண்டிங் உண்டா?
- எத்தனை நாள் காய விடுவீங்க?

முதல் கேள்விக்கே "அதெல்லாம் பார்க்க வேணாம் சார், அடிச்சா சரியாயிடும்" என்று பதில் வந்தால், அவரை டீ குடிக்க வைத்து அனுப்பிவிட்டு இன்னொருவரைப் பாருங்கள். எஸ்டிமேட்டை 'மொத்தமா இவ்வளவு' என்று வாங்காமல், உடைப்பது, கோட்டிங், பூச்சு, தளம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எதை விட்டார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்த முறை அம்மா போன் செய்து "உப்பு பூத்திருச்சுப்பா" என்றால், பெயின்டர் நம்பரைத் தேட வேண்டாம். "அம்மா, வீட்டுக்குள்ள போற ரெண்டு படி உயரத்துக்கு மேல ஏறியிருக்கா, கீழயே நிக்குதா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்று கேளுங்கள். அந்த ஒரு படத்திலிருந்தே சரியான வேலை ஆரம்பிக்கும்.